‘ஆம்’ அழுத்த ஆள் வேண்டாம்: பைடெஸ்ட்-க்யூடி, என் அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகம். மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேரை பைதான் மொழியில், திரையில் பெட்டி, பட்டன் எல்லாம் அமைக்க உதவும் பைக்யூடி5 வைத்து எழுதுகிறோம். டெஸ்டிங் என் பொறுப்பு. போன வருடம் வரை ஒவ்வொரு ரிலீஸுக்கும் இரண்டு நாள் மவுஸும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

இப்போது அந்த வேலையை, பைதானின் டெஸ்டிங் கருவியான பைடெஸ்டோடு சேர்ந்து ஓடும் பைடெஸ்ட்-க்யூடி செய்கிறது. இலவசம். இதில் வரும் க்யூடிபாட் எழுத்தை டைப் அடிக்கும், பட்டனை க்ளிக் செய்யும், ஏதாவது நடந்ததும் சாஃப்ட்வேர் உள்ளே அனுப்பும் சிக்னல் வரும்வரை காத்திருக்கும். ஒரே மதியத்தில் பழகிவிட்டது.

திணறியது ஒரே இடத்தில்தான். முதல் நாள் இரவு டெஸ்டுகளை ஓடவிட்டுக் கிளம்பினேன். காலையில் பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டிறங்கி வந்து பார்த்தால், திரையில் ‘இந்த பில்லை ரத்து செய்யலாமா?’ என்ற பெட்டி அப்படியே நிற்கிறது. மூன்றாவது டெஸ்டைத் தாண்டவே இல்லை. அது மோடல் பெட்டி. பதில் கிடைக்கும்வரை அடுத்த வரிக்கு விடாது.

இதற்கு மருந்து, பைடெஸ்டில் உள்ள மங்கிபேட்ச். அந்தக் கேள்விப் பெட்டியைத் திரைக்குக் கொண்டுவருவது பைக்யூடியின் க்யூமெசேஜ்பாக்ஸில் உள்ள ‘கொஸ்டின்’ மெத்தட். அது இருக்கும் இடத்தில் நம் ஃபங்ஷனை வைத்துவிட்டால் பெட்டி வராது, பதில் மட்டும் வரும். டெஸ்ட் முடிந்ததும் பழைய மெத்தட் தானாகத் திரும்பிவிடும். நான் முதலில் ‘ட்ரூ’ (பைதானில் ‘உண்மை’) என்று பதில் அனுப்பினேன், பில் ரத்தாகவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான் புரிந்தது: அங்கே ‘யெஸ்’ஸின் மதிப்பு 16384. ட்ரூவோடு அது எப்படிப் பொருந்தும்? க்யூமெசேஜ்பாக்ஸின் ‘யெஸ்’ஸையே அனுப்ப வேண்டும்.

அப்புறம், என் ஃபங்ஷன் கேள்வியின் வாசகத்தையும் எடுத்து வைக்கும்படி எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு நாள் அந்த வாசகத்தில் முந்தைய பில்லின் எண் வந்திருந்தது! கையால் டெஸ்ட் செய்தபோது அந்த வரியைப் படிக்காமலே எத்தனை தடவை ‘ஆம்’ அழுத்தினேனோ. கடையில் கூட்ட நேரத்தில் கவுண்ட்டரில் நிற்பவரும் அப்படித்தானே அழுத்துவார்?

குறையும் உண்டு. பெட்டியே வராததால், அதில் தமிழ் எழுத்து வெட்டுப்படுகிறதா என்று இது சொல்லாது. அதை ரிலீஸுக்கு முன் நானே திறந்து கண்ணால் பார்த்துவிடுகிறேன்.

பைக்யூடிக்குப் பதில், பைதானோடு வரும் டிகிண்டரில் எழுதுபவர்களுக்கு க்யூடிபாட் உதவாது. ஆனால் மங்கிபேட்ச் அங்கேயும் செல்லும்; ஆம்-இல்லை கேட்கும் ‘ஆஸ்க்யெஸ்நோ’வை மாற்றினால் போதும். அங்கே ட்ரூ சரியான பதில்தான்.