ஊர் போட்டோக்காரர் விட்டுப்போன பெட்டி: யாஷிகா மேட்-124ஜி

ஊருக்கே முகம் எடுத்துக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் காலமான பிறகு, அவர் அலமாரியைத் திறக்கும்போது இப்படி ஒரு பெட்டி வெளியே வரும். முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ், மேலே மடக்கித் திறக்கும் மூடி, வலப்பக்கம் சுற்றும் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தோல் உறை. அதைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் காரியம் பின்கதவைத் திறந்து பார்ப்பது. தயவுசெய்து திறக்காதீர்கள்.

முதலில் கைப்பிடிப் பக்கம் உள்ள எண் சாளரத்தைப் பாருங்கள். அதில் 1 முதல் 12 வரை ஏதாவது ஓர் எண் நின்றால், உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்கக்கூடும். லென்ஸை மூடிவிட்டு, கைப்பிடியைச் சுற்றுவதும் பட்டனை அழுத்துவதுமாக மிச்சப் படங்களை ஓட்டிவிடுங்கள். பன்னிரண்டு முடிந்ததும் கைப்பிடி தடையின்றிச் சுற்றும். இழுபடுவது போன்ற கனம் முழுக்கக் குறைந்த பிறகும் நாலைந்து சுற்று சுற்றுங்கள். மங்கிய வெளிச்சத்தில் கதவைத் திறந்து, ரோல் தளராமல் விரலால் இறுக்கிப் பிடித்து எடுத்து, ஒட்டுத்தாள் சுற்றி, அலுமினியத் தாளில் பொதிந்து வையுங்கள். கையால் டெவலப் செய்யத் தெரிந்த இடத்தில் கொடுத்து, பல வருடம் கிடந்த ரோல் என்று சொல்லிவிடுங்கள். பிலிமில் பதிந்த பிம்பம் டெவலப் செய்யாமல் கிடந்தால் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கும், அடிப்படலமும் புகைபடிந்தது போல் கருக்கும். அதனால் தெளிவாக வராமல் போகலாம். ஆனாலும் அவர் கடைசியாகப் பார்த்த முகங்கள் அதில் இருக்கக்கூடும் என்பதால், ஒரு நிமிட அவசரத்தில் வெளிச்சத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இனி கேமராவுக்கு வருவோம். யாஷிகா மேட் வரிசை 1957இல் தொடங்கியது. 124ஜி 1970 முதல் 1986 வரை தயாரானது. கீழ் லென்ஸ்தான் படம் எடுப்பது: 80 மி.மீ., எஃப் 3.5 (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக அமைந்த யாஷினான். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும். அது எஃப் 2.8 என்பதால் மூடிக்குள் குனிந்து பார்க்கும் திரை கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும். கோப்பால் ஷட்டர், 1 நொடியிலிருந்து 1/500 வரை, கூடவே பி, அதாவது பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை. ஒரு 120 ரோலுக்கு 6×6 செ.மீ. அளவில் 12 படம். 220 ரோலும் போடலாம், 24 படம் வரும். ஆனால் அந்த ரோல் இன்று அபூர்வம். பின்கதவில் பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் அழுத்துத் தட்டு 120க்கு உரிய நிலையில் நிற்கிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

80 மி.மீ. லென்ஸ், கழற்றி மாற்ற வழியில்லை, 1 மீட்டருக்கு உள்ளே நெருங்க முடியாது. முகம் எடுப்பவருக்கு இது போதாதே என்று இன்று வாங்குகிறவர்கள் குறை சொல்வார்கள். எங்கள் கருத்து வேறு. ஒன்றரை மீட்டரில் நின்றால் சதுரத்துக்குள் ஏறக்குறைய 1 மீட்டர் அகலம் அடங்கும். உட்கார்ந்தவரின் தலையிலிருந்து மடியில் வைத்த கை வரை வந்துவிடும். அந்தத் தூரத்தில் மூக்கு பெருக்காது, காது பின்னால் ஓடாது. தலையும் தோளும் மட்டும் வேண்டுமானால் ஸ்டுடியோக்காரர் டார்க் ரூமில் வெட்டிக்கொள்வார். நெகட்டிவ் 56 மி.மீ. சதுரம். அதிலிருந்து 8×10 அங்குலப் பிரிண்ட் போட நாலரை மடங்கு பெரிதாக்கினால் போதும். 35 மி.மீ. பிலிமில் அதே பிரிண்டுக்கு எட்டரை மடங்கு ஆகும். அதாவது இந்த நெகட்டிவில் பாதி அகலத்தை வெட்டி எறிந்த பிறகும் 35 மி.மீ. முழுப்படத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தெளிவு மிஞ்சும். நெருங்காமலே நெருக்கமான படம் அவருக்குக் கிடைத்தது இந்தக் கணக்கில்தான்.

உயரமும் இயல்பாகவே பொருந்தும். நின்றபடி நெஞ்சுக்குக் கீழே பிடிக்கும் கேமரா, நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். நின்றுகொண்டு கண்ணில் வைத்துப் பார்க்கும் கேமரா மேலிருந்து கீழே குனிந்து பார்ப்பதால் நெற்றி பெருத்து, தாடை சிறுத்துவிடும். ஊர் ஸ்டுடியோப் படங்களில் சாதாரண ஆட்களும் நிமிர்ந்த தோற்றத்தில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூடியைத் திறந்தால் தெரியும் பிம்பம் இடம் வலம் மாறியிருக்கும். எதிரில் இருப்பவர் இடப்பக்கம் சாய்ந்தால் திரையில் எதிர்த் திசையில் நகர்வார். பழகாதவர்கள் முதல் இரண்டு ரோல் முழுக்கக் கேமராவைத் தப்பான பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார்கள். இதில் அழகான ஒரு விஷயம் உண்டு. திரையில் தெரிவது, அந்த மனிதர் தினமும் கண்ணாடியில் பார்க்கும் அதே முகம். வகிடு அவர் பார்த்துப் பழகிய பக்கம்தான் இருக்கும். பிரிண்டிலோ ஊரார் பார்க்கும் முகம் வரும். ‘இது என்னை மாதிரியே இல்லையே’ என்று படத்தை வாங்கிப் பார்த்துச் சொன்னவர்களிடம் அவர் பொறுமையாக இருந்தாரென்றால், இரண்டு முகத்தையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எடுக்கும் முறை. ஸ்டாண்டில் ஏற்றி, கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ் மாட்டுங்கள். மூடிக்குள் மடங்கியிருக்கும் பூதக்கண்ணாடியை நிமிர்த்தி, லைட்டுக்கு அருகில் உள்ள கண்ணில் குவியம் வையுங்கள். இடப்பக்கக் குமிழைத் தெளிவு வந்து மறுபடி மங்கும் வரை திருப்பி, பிறகு பாதி பின்னால் வருவது நிச்சயமான வழி. 1 மீட்டரில் எஃப் 3.5இல் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், 5 செ.மீ.தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கும், ஆள் மூச்சு விட்டாலே குவியம் தப்பும். ஒன்றரை மீட்டரில் எஃப் 5.6 வைத்தால் சுமார் 20 செ.மீ. கிடைக்கும், எஃப் 8இல் 28 செ.மீ. முகத்துக்கு 5.6க்கும் 8க்கும் நடுவே இருங்கள். முழுக்கத் திறந்தால் இந்த லென்ஸ் ஓரங்களில் குழையும். சன்னல் ஓரம், 400 பிலிம், எஃப் 5.6, 1/60 என்று தொடங்கி, வெளிச்சம் அளக்கும் மீட்டர் சொல்வதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மேல் லென்ஸ் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால், நெருங்க நெருங்கப் பார்வையும் படமும் சற்று விலகும். தலைக்கு மேல் இரண்டு விரல் இடம் கூடுதலாக விடுங்கள். குவியம் வைத்த பிறகு தலையை நிமிர்த்தி, எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே கேபிளை அழுத்தலாம். கேமரா உங்கள் முகத்தை மறைக்காது. படத்தில் அந்த ஆள் பார்ப்பது லென்ஸுக்கு ஒரு சாண் மேலே இருக்கும் உங்கள் கண்ணை என்றால், அதுவும் தப்பில்லை. பல நல்ல படங்களில் பார்வை அப்படித்தான் இருக்கிறது.

கைப்பிடியை முன்னோக்கி நிற்கும் வரை சுற்றி, பின்னோக்கி அதன் இடத்துக்கே கொண்டுவர வேண்டும். பாதியில் விட்டுவிட்டு ‘ஷட்டர் வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்கள் அதிகம். 1/500 வேண்டுமென்றால் சுற்றுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். எங்காவது பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள்.

இதன் பலவீனமான உறுப்பு மீட்டர். 1.35 வோல்ட் பாதரச பட்டன் பேட்டரிக்கு, அதாவது பிஎக்ஸ்625க்கு என்று செய்தது. அந்தப் பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. அதே உருவத்தில் வரும் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் வெளிச்சம் இருப்பதைவிட அதிகம் என்று முள் காட்டும். அதை நம்பினால் நெகட்டிவ் மெலியும், முகத்தின் நிழல் பக்கம் வெறும் கருப்பாகப் போகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 துத்தநாக-காற்று பேட்டரியை ஒரு வளையத்துக்குள் வைத்துப் பொருத்தினால் 1.4 வோல்ட் கிடைக்கும், போதுமான அளவு நெருக்கம். அதன் ஒட்டுத்தாளை உரித்த பின் சில மாதங்களில் தீர்ந்துவிடும். மூடியைத் திறந்தாலே மீட்டர் ஓடத் தொடங்கும் என்பதால் வேலை முடிந்ததும் மூடிவையுங்கள். பேட்டரியே இல்லாவிட்டாலும் கேமராவின் மற்ற எல்லாமே இயந்திர விசையில் நடக்கும். கையில் பிடிக்கும் மீட்டரோ போனில் உள்ள மீட்டரோ போதும். எதிரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும் எந்த மீட்டரானாலும், சட்டத்துக்குள் வெள்ளை உடை நிறைந்திருந்தால் அது ஏமாறும், முகம் இருண்டுவிடும். முகத்தின் நிழல் பக்கத்துக்கு அருகே போய் அளந்துவிட்டு வந்து எடுங்கள்.

பழைய கேமராவில் வரும் பழுதுகள் பெரும்பாலும் நான்கு இடத்தில்தான். முதலாவது லென்ஸ். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் பூஞ்சை வரும். ஷட்டரை பியில் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை போல் தெரியும். லேசானது சுத்தம் செய்தால் போகும், கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டிருந்தால் போகாது. இனிமேல் தோல் உறையில் வைக்காதீர்கள். இரண்டாவது மெதுவான வேகங்கள்: எண்ணெய் கெட்டிப்பட்டு 1 நொடி என்பது இரண்டு நொடியாக இழுக்கும். போனில் சத்தத்தைப் பதிந்து அளந்து பார்க்கலாம். எண்ணெய் விட்டுச் சரிசெய்ய முயன்றால் ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும், அது கடிகாரம் திறக்கும் அளவு பொறுமையுள்ள மெக்கானிக்கின் வேலை. மூன்றாவது கதவோரத்துக் கறுப்பு நுரைப்பட்டை. தொட்டால் பிசுக்காக ஒட்டினால் மாற்றியாக வேண்டும், இல்லையேல் படத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசியும்.

நான்காவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இரண்டு லென்ஸும் ஒரே இடத்தில் குவிகின்றனவா? ரோல் இல்லாதபோது பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான ஒட்டுத்தாளை இழுத்து ஒட்டுங்கள். பியில் ஷட்டரைத் திறந்து பூட்டி, எதிரே ஓர் எழுத்துப் பலகையை வைத்து, மேல் திரையில் தெளிவாக்குங்கள். கீழே ஒட்டுத்தாளிலும் அதே எழுத்து தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால், யாரோ பிரித்து மாட்டும்போது ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நெகட்டிவில் கையால் முகத்தைச் சீர்செய்யும் டச்சப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை மீட்டரில் எடுத்த முகம் நெகட்டிவில் 13 மி.மீ. உயரம்தான், சுண்டுவிரல் நகத்தளவு. அதன் மங்கலான பக்கத்தில் பிசின் கலந்த டர்பன்டைனை மெல்லத் தேய்த்து, ஊசிபோல் சீவிய பென்சிலால், பூதக்கண்ணாடி வழியே புள்ளி புள்ளியாகச் சுருக்கங்களை நிரப்புவார்கள். நெகட்டிவில் சேர்த்த கருமை பிரிண்டில் வெளுப்பாகும். கண்ணுக்குக் கீழே உள்ள கோட்டை முழுதாக அழித்தால் மெழுகு பொம்மை ஆகிவிடும். பாதியோடு நிறுத்தத் தெரிந்தவரே நல்ல கைக்காரர்.

முகத்தை மட்டும் சட்டம் நிறைய எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு மமியா சி330 பொருந்தும். லென்ஸ் மாற்றலாம், பெல்லோஸ், அதாவது நீளும் மடிப்புத் துருத்தி, இருப்பதால் மிக நெருங்கலாம். ஆனால் கனம், ஸ்டாண்டை விட்டு இறங்காது. இருப்பதை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நல்ல முகம் எடுக்க 124ஜி போதும். புதிதாக வாங்குகிறவர்கள் மீட்டர் ஓடுகிறதா என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், லென்ஸுக்கும் ஷட்டருக்கும் கொடுங்கள். உங்கள் ஊர்க்காரருடையதே கைக்கு வந்திருந்தால் விற்காதீர்கள். ஒருமுறை சர்வீஸ் செய்து, மாதம் ஒரு ரோலாவது ஓட்டுங்கள். ஓடாத ஷட்டர்தான் சீக்கிரம் உறையும்.

கேமராவோடு நெகட்டிவ் பெட்டியும் வந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அசிடேட் படலம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த உறைகளைத் தனியே பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வைத்து, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்யுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் சிதைவு வேகமாகும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். உறையின் மேல் அவர் கையால் எழுதிய எண்ணை அப்படியே கோப்பின் பெயராக வையுங்கள். உங்கள் வசதிக்காக 1, 2, 3 என்று புதிதாகப் போட்டுவிட்டால், அவருடைய ரசீதுப் புத்தகம் நாளைக்குக் கிடைத்தாலும் எந்த முகம் யாருடையது என்று சேர்க்க முடியாமல் போய்விடும்.