ஏற்காட்டு வெளிச்சமும் டார்க்டேபிளும்: சில வருஷம் பயன்படுத்திய பிறகு

ஏற்காட்டில் எஸ்டேட் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். மேலே சில்வர் ஓக், கீழே நிழலில் காபிச் செடி, இலைச் சந்துகளில் வெள்ளை வானம். மார்ச், ஏப்ரலில் மழை விழுந்து செடியும் வெள்ளையாகப் பூத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பூவுக்கு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வைத்தால் செடி கறுப்பு, செடிக்கு வைத்தால் பூ வெறும் திட்டு. இப்படிப்பட்ட ராவையெல்லாம், அதாவது சென்சார் பதிந்தபடியே இருக்கிற கோப்புகளையெல்லாம், சில வருஷமாக டார்க்டேபிள் என்ற படம் திருத்தும் மென்பொருளில்தான் கழுவுகிறேன். இலவசம் என்று ஆரம்பித்தது, இப்போது மாற மனசில்லை.

கேமரா திரையில் பளிச்சென்று இருந்த படம் இங்கே ஏன் இருட்டாக வருகிறது என்று சேலத்து நண்பர்கள் அடிக்கடி கேட்பார்கள். முதலில் கேமராவின் செட்டிங்கைப் பாருங்கள். ஃபியூஜியில் வானம் வெளிறாமல் காக்கிற டிஆர்400 செட்டிங்கைப் போட்டிருந்தால் ராவே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைவாகப் பதிவாகும், ஜேபெக்கில் மட்டும் கேமரா அதைத் தூக்கிக் காட்டும். கேனானின் ஹைலைட் டோன் பிரியாரிட்டியும் இதே ஜாதிதான்.

சரி, எக்ஸ்போஷரை ஏற்றினால் வானம் வெளிறுகிறதே என்று உடனே இறக்கிவிடுகிறார்கள். இறக்காதீர்கள். எக்ஸ்போஷர் ஸ்லைடர் செடிக்கு, அதாவது படத்தின் நடு வெளிச்சத்துக்கு. வானத்தை அடக்குவது, வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்குத் தக்கபடி சுருக்குகிற ஃபில்மிக்கின் வேலை, இல்லையென்றால் 4.2 பதிப்பில் வந்த சிக்மாய்டின் வேலை. சந்தேகமாக இருந்தால் ஷிஃப்ட்டோடு ஓ அழுத்துங்கள், சென்சாரிலேயே நிரம்பிப்போன இடங்களை மட்டும் அது காட்டும். அங்கே குறி விழவில்லை என்றால் விவரம் ராவில் பத்திரமாக இருக்கிறது. விழுந்தால், நிரம்பிய இடங்களைச் சரிக்கட்டுகிற ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள், அது அணைந்திருந்தால் இலைச் சந்தெல்லாம் ரோஸ் நிறமாகும்: பச்சை முதலில் நிரம்பி நின்றுவிட, நிறத்தைச் சமன்செய்கிற ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் மேலே தூக்கிவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்குகிற டோன் ஈக்வலைசர், ரொம்ப நாள் படுத்தியதும் அதுதான். ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் படம் அசையாது, அல்லது மொத்தமாகக் குதிக்கும். காரணம் மாஸ்க், அதாவது எந்த இடம் எவ்வளவு வெளிச்சம் என்று அது வைத்திருக்கிற கறுப்பு வெள்ளை நகல். அதன் ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு கிடந்தால் ஒன்பது ஸ்லைடரில் ஏழெட்டு சும்மா. மாஸ்க் எக்ஸ்போஷர், மாஸ்க் கான்ட்ராஸ்ட் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கிற மந்திரக்கோல் பொத்தானை அழுத்தி ஹிஸ்டோகிராமை விரித்துவிட்டு, அப்புறம் நிழலை ஏற்றுங்கள். இலை விளிம்பில் ஒளிவட்டம் வந்தால் மாஸ்க்கையே திரையில் போட்டுப் பாருங்கள், அது இலையை ஒட்டி நிற்காமல் வானத்துக்குள் வழிந்திருக்கும்.

கிராஃபிக்ஸ் சிப்பையும் கணக்குக்கு இழுக்கிற ஓபன்சிஎல் ஓடாத பழைய லேப்டாப்பில் இதெல்லாம் நத்தை வேகம்தான், சொல்லிவிட்டேன்.

வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று ஃபிரேம் எடுத்துச் சேர்க்கலாமே என்பீர்கள். டார்க்டேபிளின் ஹெச்டிஆர் சேர்ப்பு ஃபிரேம்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தித் தராது, டிரைபாட் கட்டாயம். லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்தை எடுக்க அது போதும். காபிப் பூவுக்கு உதவாது, மலைக்காற்றில் கிளை ஒரு நொடி நிற்காது. அதற்கு ஒரே ஃபிரேம், பூ நிரம்பாத அளவுக்கு ஒரு ஸ்டாப் குறைத்து.