டபுள் ஸ்டாண்ட் போடலாமா என்று கேட்டவருக்கு

வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து ஒழுங்கை நண்பர் ஒருவர் பழைய 150 சிசி வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார். சைட் ஸ்டாண்ட் மட்டும்தான் இருக்கிறது, என்னைப் போல, வண்டியை நேராக நிமிர்த்தி நிறுத்துகிற டபுள் ஸ்டாண்ட் பூட்டலாமா என்று கேட்டார்.

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதுதான் எனக்கு ஒரே வழியாக இருந்தது. கடலோரம் மெரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், தென்மேல் பருவக்காற்று மாதங்களில் உப்புக்காற்றும் மழையும் சேர்ந்து, கவனிக்காமல் விட்ட செயின் சட்டென்று துருப்பிடித்துவிடும். சைட் ஸ்டாண்டில் வைத்துச் சுத்தம் செய்வதென்றால் ஒரு முழம் துடைத்து, வண்டியை உருட்டி, திரும்பக் குந்தி, திரும்ப உருட்டி, போதும் போதும் என்றாகிவிடும். டபுள் ஸ்டாண்டில் பின் சில்லு நிலத்தில் படாது, நியூட்ரலில் போட்டுக் கையால் சுற்றிக்கொண்டே மண்ணெண்ணெய், பிரஷ், துணி, அப்புறம் 90 கியர் ஒயில், வேலை முடிந்தது. (எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி கியரில் ஓடவிட்டுத் துணி பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். விரல் போகும்.) சுற்றும்போதே செயின் எங்கே இறுகுகிறது என்றும் தெரிந்துவிடும். அந்த இடத்தில் வைத்துத்தான் தொய்வு பார்க்க வேண்டும். தளர்ந்த இடத்தில் பார்த்து இறுக்கினால் இறுகிய இடம் விறைத்துப்போய் பெயாரிங்கைத் தின்னும். பின்னால் டிரம் பிரேக் என்றால் சில்லைப் பின்னுக்கு இழுத்ததும் பிரேக்கும் சேர்ந்து இறுகும், அதையும் சரிபார்க்க வேண்டும், வண்டி திருத்துகிற பாஸ்மாரே சிலவேளை மறக்கிற விஷயம் இது. எஞ்சின் ஒயில் மட்டமும் வண்டி நேராக நின்றால்தான் சரியாகக் காட்டும்.

இவ்வளவும் நியாயத்துக்காகச் சொன்னது. இனி இந்த ஸ்டாண்ட் போடுகிற சத்தம்.

பஞ்சிகாவத்தையில் ஒரு உதிரிப்பாகக் கடையில் வாங்கிய ஸ்டாண்ட் இது, இந்த வண்டிக்கென்றே செய்தது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லித் தந்தார்கள். காலி வீதியில் ஒரு மேன்ஹோல் மூடி, ஒரு பள்ளம், ஒரு வெட்டிப் போட்ட தார் விடாமல் 'டங்'. ஸ்பிரிங் மாற்றினேன், கொஞ்சம் அடங்கியது. ஸ்டாண்ட் வந்து முட்டுகிற இடத்தில் பழைய டியூப் துண்டை மடித்துக் கட்டினேன், மழைக்கு ஊறிக் கழன்று எங்கோ விழுந்தது, திரும்பக் கட்டினேன், திரும்ப விழுந்தது. போதாததற்குப் பெரிய வேகத்தடைகளில் அடியில் உரசும், பின்னால் ஆள் இருந்தால் நிச்சயம்.

இந்த வண்டிக்குப் போட்டவற்றில், எல்இடி லைட்டையும் சேர்த்துத்தான், உண்மையாகவே பிரயோசனப்பட்டது இந்த ஸ்டாண்ட் ஒன்றுதான். ஆனால் இன்று பம்பலப்பிட்டி சிக்னலில் ஓட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து "அண்ணே, கீழே என்னவோ கழலப் போகுது" என்று சொன்ன சூட்டோடு எழுதுகிறேன்: போடாதீர்கள். நிலத்தில் வைத்து வண்டியைத் தூக்குகிற பெடொக் ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள், அது கூடவே வந்து சத்தம் போடாது.

அப்படியென்றால் உங்களுடையதைக் கழற்றித் தாருங்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். தரமாட்டேன்.