50,000 யென் ஜப்பான் ரயில் பாஸ்: நண்பனுக்கு உண்டு, எனக்குக் கிடையாது

கல்லூரியில் ஒரே அறையில் இருந்த நண்பன் ஒன்பது நாள் விடுமுறையில் ஜப்பான் வந்திருந்தான். நான் டோக்கியோவில் இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தவன், ஆக சுற்றிக்காட்டுகிற வேலை முழுக்க என் தலையில். அவன் விசாவுக்காக இங்கிருந்து அழைப்புக் கடிதம் அனுப்பினேன். அதோடு எந்தத் தேதியில் எந்த ஊர், ராத்திரி எங்கே தங்கல் என்று நாள்வாரியாக ஓர் அட்டவணையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவன் கேட்டான், "டேய், எல்லாரும் ஜே.ஆர். பாஸ்னு சொல்றாங்களே, வாங்கிடட்டுமா?" நானும் பெரிதாக யோசிக்காமல் வாங்கு என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை காசு கட்டிவிட்டால் குறிப்பிட்ட நாள்களுக்கு நாடு முழுக்க ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே நிறுவனங்கள்) ரயில்களில் ஏறி இறங்க விடுகிற அந்த பாஸ் பற்றித்தான் இந்த விமர்சனம். சுற்றுலா வருகிறவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது, கூடவே போகிற உள்ளூர்க்காரன் பார்வையில் நான் எங்கேயும் படித்ததில்லை.

முதலில் விலை. ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென் ஆக இருந்தது. 2023 அக்டோபரில் ஒரே தாவாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். நம்ம ரூபாயில் முப்பதாயிரத்துக்குப் பக்கம் வரும். பழைய விலையில் டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே பாஸ் காசு கிட்டத்தட்ட வந்துவிடும், அதனால் யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வோம். இப்போது அதே போக்குவரத்துக்குத் தனி டிக்கெட் எடுத்தால் 28,000 யென் சுமாருக்கு முடிந்துவிடுகிறது. மிச்சம் 22,000 யென்னுக்கு வேறு எங்காவது ஓடியே ஆக வேண்டும்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத விஷயம். வெளிநாட்டுக்காரர்களில் இந்த பாஸ், கடவுச்சீட்டில் 'தற்காலிக வருகையாளர்' என்று குத்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். என்னைப் போல ரெசிடென்ஸ் கார்டு வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்த்து வரி கட்டுகிற வெளிநாட்டுக்காரனுக்குக் கிடையாது. ஆக ஒரே ரயிலில், ஒரே பெஞ்சில், அவன் பாஸில் வருவான், நான் முழுக்காசு கொடுத்து வருவேன். விதி என்பது விதி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நண்பனுக்குச் சுற்றிக்காட்டப் போகிறவர்கள் இந்தச் செலவை முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நான் எழுதவில்லை.

முதல் தப்பு நாங்கள் செய்ததுதான். முன்பே வாங்கிய ரசீதைக் கொடுத்து பாஸாக மாற்றிக்கொள்ளும்போது எந்தத் தேதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம், ஒரு மாதத்துக்குள் எந்த நாளும் சரி. இவன் நரிதா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு, சாயங்கால நேரத்தில், அன்றைய தேதியையே போட்டு வாங்கிவிட்டான். கணக்கு 24 மணி நேரம் அல்ல, காலண்டர் நாள். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் ஒரு நாள் போச்சு. அந்த நாளில் அவன் பயன்படுத்தியது 3,070 யென் மதிப்புள்ள நரிதா எக்ஸ்பிரஸ் மட்டும். மறுநாள் முழுக்க டோக்கியோ சுற்றினோம், அங்கே யமனோத்தே வட்டப் பாதை மாதிரி ஜே.ஆர். தடங்களில் பாஸ் செல்லும், மெட்ரோவில் செல்லாது, நாங்கள் போன பாதி இடங்களுக்கு மெட்ரோதான் வசதி. நகருக்குள் சுற்றுவதற்கு, காசு ஏற்றி வாயிலில் தட்டிப் போகிற சுய்கா அட்டை போதும். ஊரை விட்டு வெளியே கிளம்புகிற அன்று காலையில் பாஸ் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாம் நாள் கியோட்டோ. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடுகிற ஷின்கான்சென் அதிவேக ரயில்களில் நொசோமிதான் வேகமானது, அடிக்கடியும் வரும், நெரிசல் நேரத்தில் மணிக்குப் பத்துக்கு மேல் கூட. பாஸ்காரர்கள் அதில் ஏற கியோட்டோ வரைக்கும் 4,960 யென் தனியாகக் கட்ட வேண்டும். கட்டாமல் போக வேண்டுமென்றால் ஹிகாரி, அது மணிக்கு இரண்டு. நொசோமியில் இரண்டேகால் மணி நேரம், ஹிகாரியில் இரண்டே முக்கால். அரை மணி நேரத்துக்காக யார் 4,960 கொடுப்பது? சரி, ஹிகாரி. காசு கொடுத்து டிக்கெட் எடுத்த நானும் அவனுக்காக ஹிகாரி. பாஸ் இல்லாதவனையும் பாஸ் மெதுவாக்கிவிடும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இதில் இன்னொரு கோமாளித்தனம். நான் வழக்கம்போல போனில் என் இருக்கையைப் பதிவு செய்துவிட்டேன், அவன் நிலையத்து இயந்திரத்தில் பாஸைக் காட்டித் தனியாக எடுத்தான். ரயிலில் ஏறினால் அவன் பதினொன்றாம் பெட்டி, நான் ஏழாம் பெட்டி. அவனுக்கு 'ஈ' வரிசை ஜன்னல், அதாவது கியோட்டோ போகும்போது வலப்பக்கம், ஃபூஜி மலை தெரிகிற பக்கம். கிளம்பி நாற்பது நிமிடம் போல ஆனதும் போனில் படமாக அனுப்பித் தள்ளுகிறான், "தெரியுதுடா, முழுசாத் தெரியுதுடா!" நான் இடப்பக்கத்தில் தூங்குகிற ஒருவரின் தோளையும் அவருக்கு அந்தப் பக்கம் ஓடிய சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ரயில்களுக்கு 'மிதோரி நோ மதோகுச்சி' கவுண்டரில் வரிசையில் நின்று, அவன் பாஸையும் என் காசையும் ஒன்றாக நீட்டினோம், பக்கத்துப் பக்கத்தில் இருக்கை கிடைத்தது. நிற்கிற நேரம் கொஞ்சம் ஆகும், ஆனால் நண்பனோடு போகிறவர்களுக்கு அதுதான் வழி.

பெரிய பெட்டி கொண்டு வருகிறவர்கள் கவனிக்க: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு இந்தத் தடத்தில் முன்கூட்டியே அதற்கான இருக்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். அவனுடையது தாண்டியது. அம்மா கொடுத்துவிட்ட புளியும் பொடிகளும்தான் பாதி, அதையெல்லாம் எடுத்துக்கொண்டு பெட்டியை என் வீட்டிலேயே விட்டுவிட்டுத் தோள்பையோடு கிளம்பினோம்.

கியோட்டோவுக்குள் பாஸால் பெரிய லாபம் இல்லை. ஃபுஷிமி இனாரி கோவிலுக்குப் போக ஜே.ஆர். நாரா தடம் செல்லும், தனி டிக்கெட்டே 150 யென்தான். மான்களைப் பார்க்க நாராவுக்கும் அதே தடம். மற்றபடி கோவில் கோவிலாகப் போக நகரப் பேருந்தும் மெட்ரோவும், அதற்கெல்லாம் கையிலிருந்து காசு.

ஹிரோஷிமா போகும் நாளில்தான் பாஸ் உண்மையிலேயே தன் வேலையைக் காட்டியது. ஷின்-ஒசாகாவில் மாறி சகுரா என்ற ஷின்கான்சென் வண்டி, இறங்கியதும் நிலைய வாசலிலிருந்து கிளம்பும் ஜே.ஆர். சுற்றுலாப் பேருந்து, மதியத்துக்கு மேல் மியாஜிமகுச்சி வரை ரயில், அங்கிருந்து மியாஜிமா தீவுக்குப் பத்து நிமிடப் படகு, எல்லாம் அந்த ஒரே சீட்டில். படகுக்கு முன்னால் தீவின் வருகை வரி 100 யென் மட்டும் தனி. ஹிரோஷிமாவின் அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் வெறும் 200 யென், உள்ளே போய்விட்டு வந்தவன் மியாஜிமா படகு ஏறும் வரை பேசவே இல்லை. நான் டிக்கெட் டிக்கெட்டாக வாங்கிக்கொண்டே போக, அவன் சும்மா வாயிலில் சீட்டை நுழைத்து எடுத்துக்கொண்டே போனதைப் பார்த்துப் பொறாமையாகத்தான் இருந்தது. தொலைத்தால் மறுபடி தர மாட்டார்கள் என்று நான் ஒரு தடவை சொன்னதன் விளைவு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

திரும்பி வரும் வழியில் கணக்குப் போட்டோம். கியோட்டோவுக்குச் சுமார் 14,000, அங்கிருந்து ஹிரோஷிமா 11,000, ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ 19,000 பக்கம், அப்புறம் நரிதா எக்ஸ்பிரஸ், சில்லறைத் தடங்கள். கூட்டினால் 50,000-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதாவது ஹிரோஷிமா வரை ஓடியும் லாப நஷ்டம் இல்லை. கியோட்டோவோடு திரும்புகிறவர்கள் வாங்கவே வேண்டாம். மேற்கே மட்டும் சுற்றுவதாக இருந்தால் மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனமான ஜே.ஆர். வெஸ்ட்டின் கன்சாய்-ஹிரோஷிமா பாஸ் மாதிரி வட்டார பாஸ்களைப் பாருங்கள், விலை பாதிக்கும் குறைவு. அதுவும் நம்மைப் போன்ற குடியிருப்பவர்களுக்குக் கிடையாது, கேட்டுவிடாதீர்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், அதில் ஒன்று அந்தப் படகுக்கு.

நம்ம ஆளுக்கு இந்தக் கணக்கு தாங்கவில்லை. போட்ட காசை எடுக்காமல் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஏழாம் நாள், பாஸின் கடைசி நாள், எனக்கு விடுப்பு முடிந்து அலுவலகம். "செண்டாய் வரைக்கும் போயிட்டு வரலாம், மணிக்கு 320 கிலோமீட்டராம்" என்றான். வடக்கே போகிற ஹயபுசா ஷின்கான்சென், ஒன்றரை மணி நேரம், போக 11,000 யென்னுக்கு மேல், வரவும் அவ்வளவு. நான் கூடப் போயிருந்தால் அவன் லாபம் பார்க்க என் பையிலிருந்து 22,000 போயிருக்கும். நீயே போய்விட்டு வா என்று டோக்கியோ நிலைய நடைமேடை எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தான். செண்டாயில் இறங்கி, வழி கேட்டுக்கேட்டு இன்னொரு ரயில் பிடித்து மட்சுஷிமா கடற்கரைக்கே போய்விட்டு வந்திருக்கிறான். வழி காட்டிய ஒரு பாட்டி பையிலிருந்து ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தாராம், நிலையத்தின் பெயரை மறந்து தவறான பக்கம் ஏறி இரண்டு நிலையம் தாண்டித் திரும்பினானாம், பைன் மரத் தீவுகள் இருநூற்றுக்கும் மேல் இருக்கிறதாம். நான் இத்தனை வருடமாகப் போகாத ஊர். சாப்பாடு போடும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். காலாவதியான அந்த பாஸ் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான்.