பீன்யாவில் தயாரிப்பு, நெலமங்கலாவில் கிடங்கு: ஓர் அனுபவ மதிப்பீடு

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காய்ச்சி வரும் கூந்தல் தைலத்தையும், எண்ணெய்க் குளியலுக்கான மேனி எண்ணெயையும் இணையத்தில் விற்கத் தொடங்கியபோது, தயாரிப்பைப் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஒப்பந்த உற்பத்தியாளரிடம் கொடுத்தேன். சரக்கை இருப்பு வைத்து, ஆர்டர் வந்ததும் எடுத்துக் கட்டி, கூரியரிடம் சேர்க்கும் வேலையை பெங்களூரை அடுத்த நெலமங்கலா சாலையில் உள்ள ஒரு கிடங்குச் சேவையிடம் ஒப்படைத்தேன். முதலாவது ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. இரண்டாவதைப் பத்து மாதங்களுக்குப் பிறகு, 2025 செப்டம்பரில் நிறுத்திவிட்டேன். இரு நிறுவனங்களின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. விலை கேட்டு நான் ஏறி இறங்கிய மற்ற இடங்களிலும் நிபந்தனைகள் ஏறக்குறைய இவையாகவே இருந்ததால், பெயரைவிட அந்த நிபந்தனைகளே புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

தயாரிப்பை ஏன் வெளியில் கொடுக்க வேண்டும் என்று ராமமூர்த்தி நகரில் என் அக்கம்பக்கத்தினர் பலரும் கேட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்த எண்ணெய்தானே, அதையே கொஞ்சம் அதிகமாகக் காய்ச்சினால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. விற்பனைக்காக அழகுப் பொருள் தயாரிப்பதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும்; சமையலறைக்கு அந்த உரிமம் கிடைக்காது. 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருட்கள் விதிகள் இரண்டு வழிகளைத் தருகின்றன. இன்னொருவருடைய தொழிற்சாலையைப் பயன்படுத்திக்கொண்டு நம் பெயரிலேயே ‘லோன் லைசென்ஸ்’ எடுக்கலாம். அல்லது, ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் உற்பத்தியாளரைத் தயாரிக்கச் சொல்லி, லேபிளில் தயாரித்தவர் அவர் என்றும் சந்தைப்படுத்துபவர் நாம் என்றும் அச்சிடலாம். தனி உரிமத்துக்கான செலவையும் அலைச்சலையும் முதல் ஆண்டிலேயே சுமக்க முடியாது என்பதால் நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

2024 மே மாதம் முதன்முறை சென்றபோது, ஆய்வகப் பொறுப்பாளர் தங்களிடம் தயாராக இருந்த நான்கு கூந்தல் எண்ணெய்களைக் காட்டி, லேபிளை மட்டும் மாற்றி இரண்டே வாரத்தில் தந்துவிடுவதாகச் சொன்னார். அவற்றில் எதுவும் எங்கள் எண்ணெய் அல்ல. எங்கள் வீட்டில் கரிசலாங்கண்ணிச் சாற்றையும் அவுரி இலையையும் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த கலவையில் இட்டு, ஈரம் முழுவதும் வற்றி, அடியில் தங்கும் இலைக் கசடான கல்கம் மணல் போல உதிரும் பதம் வரும்வரை இரும்புச் சட்டியில் காய்ச்சுவோம். அவர் முதலில் செய்து தந்த மாதிரியில் இலைக்குப் பதிலாக எண்ணெயில் கரையும் மூலிகைச் சாரம் சேர்க்கப்பட்டிருந்தது. நிறம் பச்சையாக, அழகாக இருந்தது. ஆனால் தலையில் தேய்த்தால் வாசனை வெளியிலிருந்து பூசியதைப் போல மேலோட்டமாக நின்றது. சாறு சேர்த்துக் காய்ச்சினால் ஈரம் தங்கிவிடும், ஈரம் தங்கினால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான் என்பதை, பாட்டி ஏன் பதத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தபோது உணர்ந்தேன். இறுதியில் உலர்த்திய இலையைப் பயன்படுத்துவது, மெல்லிய சூட்டில் நெடுநேரம் காய்ச்சுவது, வடித்த பின் ஈரத்தை அளந்து பார்ப்பது, கெடாமல் காக்க வைட்டமின் ஈ சேர்ப்பது என்று இருவரும் ஒத்துப்போனோம். மூன்றாவது மாதிரியை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் விட்டு முகர்ந்துவிட்டு, ‘இது நம்ம எண்ணெய்தான்’ என்றார்.

மாதிரி தயாரிப்புக்கு அவர்கள் கேட்ட ஆறாயிரம் ரூபாயை முதல் ஆர்டரில் கழித்துக்கொண்டார்கள். ஒரு பொருளுக்குக் குறைந்தபட்சம் 500 பாட்டில் வாங்க வேண்டும்; 100 மி.லி. பாட்டில் ஒன்றுக்கு, மூடியும் லேபிளும் சேர்த்து, எனக்கு 82 ரூபாய் ஆனது. ஒப்புக்கொண்ட மாதிரியை 40 டிகிரி சூட்டிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மூன்று மாதம் வைத்துப் பார்த்த பிறகே மொத்தமாகத் தயாரிப்போம் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். தீபாவளி விற்பனை கைவிட்டுப் போகிறதே என்று அப்போது எனக்கு வருத்தம்தான். ஆனால் காலாவதித் தேதியை எந்த ஆதாரத்தில் அச்சிடுகிறோம் என்று ஒரு வாடிக்கையாளர் பின்னர் கேட்டபோது, அந்த மூன்று மாதப் பதிவேடுதான் எனக்குக் கைகொடுத்தது. ‘முடி உதிர்வதை நிறுத்தும்’ என்று லேபிளில் போடச் சொன்னேன், அவர்கள் மறுத்துவிட்டார்கள். அழகுப் பொருளுக்குரிய உரிமத்தில் தயாரித்துவிட்டு நோய் தீர்க்கும் மருந்தைப் போல அதைப் பேச முடியாது. அப்படிப் பேச வேண்டுமானால் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான ஆயுஷ் உரிமம் தனியாக வேண்டும். வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லத் தெரிந்த உற்பத்தியாளரை நான் மதிக்கிறேன்.

அவர்கள்மீது எனக்குள்ள குறை ஒன்றே ஒன்று. செய்முறைக் குறிப்பு யாருக்குச் சொந்தம் என்பது முதல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டாவது ஆர்டரின்போது மூலப்பொருட்களின் விகிதப் பட்டியலைக் கேட்டேன்; அது தங்கள் ஆய்வகத்தின் உடைமை என்றார்கள். இலையும் பதமும் என் வீட்டிலிருந்து வந்தவை என்பதை நெடுநேரம் பேசிப் புரியவைத்த பிறகே, குறிப்பின் ஒரு பிரதி எனக்குத் தரப்படும் என்றும், வேறு எவருக்கும் அதே கலவையைத் தயாரித்துக் கொடுக்கமாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பணம் கட்டும் முன் இதைப் பேசிவிடுங்கள். கட்டிய பிறகு நம் குரலுக்கு வலு குறைந்துவிடுகிறது.

இனி கிடங்கு. ஓசூரில் வாடகையும் கூலியும் குறைவு, பேச்சும் தமிழிலேயே நடக்கும் என்பதால் முதலில் அங்கேதான் விசாரித்தேன். ஆனால் ஓசூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. சரக்கை அங்கே இருப்பு வைத்து விற்க வேண்டுமானால் தமிழ்நாட்டுக்கென்று தனி ஜிஎஸ்டி பதிவு எடுத்து, தனிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கர்நாடகத்துக்குள்ளேயே என்றால், என் பதிவில் கிடங்கின் முகவரியைக் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்தால் போதும். நெலமங்கலாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

விலைப்பட்டியல் பார்வைக்கு மலிவாக இருந்தது: ஓர் ஆர்டரை எடுத்துக் கட்ட 20 ரூபாய். அதன் கீழே சிறிய எழுத்தில் மாதக் குறைந்தபட்சக் கட்டணம் 8,000 ரூபாய் என்று இருந்தது. மாதம் 400 ஆர்டர் போனால்தான் அந்த 20 ரூபாய் உண்மையாகும்; எனக்கு முதல் ஆறு மாதங்களில் சராசரியாக 140 ஆர்டர்கள்தான் வந்தன. ஆகவே ஓர் ஆர்டருக்கு நான் கொடுத்தது 57 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி.

அதைவிடப் பெரிய கசிவைப் பெட்டியின் அளவில் கண்டுபிடித்தேன். கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடையோடு, நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் கன அளவு எடையையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் விதிக்கின்றன. கட்டியபின் 190 கிராம் எடையுள்ள என் பாட்டிலைக் கிடங்கில் 20, 15, 12 செ.மீ. பெட்டியில் வைத்து அனுப்பிவந்தார்கள். அதன் கணக்கு 0.72 கிலோ, கட்டணப் படி அரைக் கிலோவுக்கு ஒன்று என்பதால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கிலோவுக்கான தொகை பிடிக்கப்பட்டது. மூன்றாவது மாதப் பில்லை வரிவரியாகப் படித்தபோதுதான் இது தெரிந்தது. சிக்பேட்டையில் ஒரு அட்டைப்பெட்டிக் கடையில் 15, 10, 8 செ.மீ. அளவில் பெட்டி செய்யச் சொல்லிக் கொடுத்தேன், கணக்கு 0.24 கிலோவாக இறங்கியது. நான் கேட்டிராவிட்டால் அவர்களாகவே இதைச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொருள்கள் மாறிப் போனதற்கு மட்டும் நான் அவர்களை முழுமையாகக் குற்றம் சொல்லமாட்டேன். என் இரு எண்ணெய்களும் ஒரே பழுப்பு நிறப் பாட்டிலில் வருகின்றன. பெயர்களைத் தமிழில் பெரிதாகவும், சட்டப்படி கட்டாயமான விவரங்களை ஆங்கிலத்தில் சிறிதாகவும் அச்சிட்டிருந்தேன். கிடங்கில் எடுத்துக் கட்டும் இளைஞர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கூந்தல் தைலம் கேட்டவருக்கு மேனி எண்ணெய் போனது. மேனி எண்ணெய் கேட்டவருக்குக் கூந்தல் தைலம் போனது. மூடியின்மேல் பச்சை, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு அந்தத் தவறு அடியோடு நின்றது. தமிழில் லேபிள் போடும் ஆசை உள்ளவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. நிறத்தாலும் பார்கோடாலும் வேறுபடுத்திவிட்டால் போதும்.

கசிந்த பாட்டில்களின் கதை வேறு. முதலில் அனுப்பிய 90-இல் 11 பாட்டில்கள் வழியிலேயே எண்ணெய் கசிந்து போய்ச் சேர்ந்தன. மூடிக்குள் இண்டக்‌ஷன் சீல் (பாட்டிலின் வாயை மூடி ஒட்டும் தகடு) சரியாக ஒட்டவில்லை என்றது கிடங்கு. பாட்டிலைப் படுக்கவைத்துக் கட்டியிருப்பார்கள் என்றது தொழிற்சாலை. இரண்டு வாரம் இருவருக்கும் நடுவில் நின்று புகைப்படங்களை அங்கும் இங்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். அதன்பின் ஒவ்வொரு பேட்ச்சும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியும், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் முன் நேரில் சென்று, பெட்டிக்கு ஒன்றாகப் பாட்டில்களை எடுத்து, ஓர் இரவு தலைகீழாக நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் அடியில் விரித்த காகிதத்தைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன். அந்தக் காகிதம் இருந்தால் பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஜனவரியில் டில்லிக்குப் போன எண்ணெய் உறைந்து, கலப்படம் என்று புகார் வந்ததும் இதே காலம்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது நமக்குப் பழக்கம், அங்கே வாங்கியவருக்கு அது பழக்கமில்லை. நல்லெண்ணெயின் பங்கைக் கூட்டி, வெந்நீரில் பாட்டிலை வைக்கச் சொல்லும் சிறு குறிப்பையும் பெட்டியில் சேர்த்தோம்.

கிடங்கை விட்டு நான் விலகியதற்குக் காரணம் செலவு அல்ல. கேஷ் ஆன் டெலிவரியில் போய்த் திரும்பி வரும் சரக்கை அவர்கள் கையாண்ட விதம்தான் காரணம். வாடிக்கையாளர் வாங்க மறுத்தால் போகும் கூலி, வரும் கூலி இரண்டும் நம் தலையில் விழும் என்பது தெரிந்தே இறங்கிய நட்டம். ஆகஸ்ட் மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அழைத்து, தனக்கு வந்த பாட்டிலின் சீல் கிழிந்திருப்பதாகவும், எண்ணெய் கழுத்துக்குக் கீழே இறங்கியிருப்பதாகவும் சொன்னார். வேறொருவர் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்பிய பாட்டிலை, பரிசோதிக்காமல் மீண்டும் அலமாரியில் வைத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். கைக்குழந்தையுள்ள அந்தப் பெண் கோபப்படவே இல்லை. மெல்லிய குரலில் கேட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. உடலில் பூசும் பொருளைத் திறந்த நிலையில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்பதை எந்தத் தள்ளுபடியாலும் ஈடுகட்ட முடியாது. நேரில் போய்ப் பார்த்தபோது, திரும்பி வந்தவற்றுக்கென்று தனி அலமாரியே அங்கு இல்லை. முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்தும், மே மாதப் பேட்ச் வெளியே போய்க்கொண்டிருக்க, நவம்பர் பேட்ச் பாட்டில்கள் 64 பின்வரிசையில் அப்படியே இருந்தன. கிடங்கு மேலாளர் மன்னிப்புக் கேட்டார், அந்த மாதக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தார். ஆனால் இனி எப்படித் தடுப்பார் என்று கேட்டதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லை.

இப்போது என் வீட்டு மாடியறையில் சரக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவும் அவருடைய மகளும் ஓர் ஆர்டருக்கு 15 ரூபாய் கூலியில் கட்டிக் கொடுக்கிறார்கள். கூரியர் ஆள் மாலை நான்கு மணிக்கு வந்து எடுத்துச் செல்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மேனி எண்ணெய்க்கு 18 தொடர்கிறது. அதனால் இரண்டுக்கும் தனித்தனி பில் கணக்கும் புதிய விலை ஸ்டிக்கரும் தேவைப்பட்டன. சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அதை இரண்டே நாளில் முடித்தோம். அக்டோபரில், தீபாவளி எண்ணெய்க் குளியலை ஒட்டி, 310 ஆர்டர்களை அந்த அறையிலிருந்தே அனுப்பினோம்; ஒன்றுகூட மாறிப் போகவில்லை.

மாதம் 400-ஐத் தாண்டினால் அந்த அறை போதாது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக இந்த மாதம் ஹோஸ்கோட்டே பக்கம் இரண்டு கிடங்குகளைப் பார்த்தேன். திரும்பி வரும் சரக்குக்குப் பூட்டிய தனி அலமாரி, ஒவ்வொன்றையும் எனக்குப் புகைப்படம் அனுப்பி ஒப்புதல் பெற்ற பிறகே இருப்பில் சேர்ப்பது, குறைந்தபட்சக் கட்டணம் 3,000-க்கு மிகாமல் இருப்பது ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். ஒருவர் முதல் இரண்டுக்கும் சம்மதித்திருக்கிறார். கட்டணத்தைப் பற்றி அடுத்த வாரம் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.