காட்பாடி பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், என் அனுபவம்

ரெண்டு மாசம் சாயங்கால பேட்ச் போனேன். பீஸ் கொஞ்சம் ஜாஸ்திதான், ஃபேனும் சரியா ஓடாது, ஆனா மேடம் ஸ்மெல், டேஸ்ட், லுக், சவுண்ட், ஃபீல்ங்கற வெர்ப் எல்லாம் பாடம் எடுத்த அன்னிக்கே குடுத்த காசு வசூல். ஆம்பூர் பிரியாணிய வச்சே சொன்னாங்க, 'தி பிரியாணி ஸ்மெல்ஸ் குட்'னுதான் வரணும், நான் இத்தன வருஷமா ஸ்மெல்ஸ் வெல்னு சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன், அப்படி சொன்னா பிரியாணிக்கே மூக்கு இருந்து அது நல்லா மோப்பம் பிடிக்குதுங்கற மாதிரி ஆயிடுமாம்! கிளாஸே சிரிச்சிடுச்சு. அதே நாம மோந்து பாத்தா 'ஷி ஸ்மெல்ட் இட் கேர்ஃபுல்லி', அங்க 'கேர்ஃபுல்' கூட எல்ஒய் (ly) சேரலாம். கூட வர்ற கத்திரிக்கா 'டேஸ்ட்ஸ் சால்ட்டி', 'இஸ் டேஸ்டிங் சால்ட்டி' கிடையாது, ஆனா நான் உப்பு பாத்துட்டு இருந்தா 'ஐ ஆம் டேஸ்டிங் இட்' ஓகே. இலக்கணம்னா பயப்படறவங்க தாராளமா சேரலாம். ஹியர், லிசன் வித்தியாசத்த மட்டும் அஞ்சே நிமிஷத்துல ஓட்டிட்டாங்க, காதுல விழுந்துச்சு, காது குடுத்து கேட்டேன்னு நம்மகிட்டயே ரெண்டு இருக்கே, அத சொல்லியிருந்தா சட்டுனு புரிஞ்சிருக்கும். நோட்ஸ் ஜெராக்ஸ் படு மோசம், பாதி எழுத்தே தெரியல, வீட்ல வந்து பென்சில்ல நானே திருப்பி எழுதினேன்.