பேட்54எஸ் டயோடு: காவலுக்கு நல்லது, ரெசிஸ்டரையும் சேர்த்து வாங்குங்கள்

கோவைப் பக்கம் தோட்டத்து போர்வெல் மோட்டார்களுக்கு கண்ட்ரோலர் போர்டு செய்து கொடுக்கிறேன். தொட்டியில் இருக்கும் ஃப்ளோட் சுவிட்ச் ஒயர், த்ரீ பேஸ் கேபிளை ஒட்டியே நெடுந்தூரம் ஓடி வரும். மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் காண்டாக்டர் விழும்போதெல்லாம் அந்த ஒயரில் வோல்டேஜ் துள்ளும். அதை நேராக போர்டை இயக்கும் சிப்பான மைக்ரோகண்ட்ரோலரின் பின்னில் கொண்டுபோய்ச் சேர்த்த போர்டுகள் ரிப்பேருக்கு வந்துகொண்டே இருக்கின்றன. விவசாயிக்கு அது ஒரு நாள் பாசனம் நின்றுபோகிற விஷயம். அதனால் இந்த டயோடைப் பற்றி விவரமாகவே எழுதுகிறேன்.

பேட்54எஸ் என்பது மூன்று கால் எஸ்ஓடி-23 பேக்கேஜுக்குள் வரிசையாக இணைத்த இரண்டு ஷாட்கி டயோடு, அதாவது குறைந்த வோல்டேஜிலேயே திறக்கும் வகை. நடுச்சந்திப்பு இன்புட்டுக்கு, ஒரு முனை கிரவுண்டுக்கு, இன்னொன்று 3.3 வோல்ட்டுக்கு. 1 மில்லி ஆம்பியரில் இதன் மேல் விழுவது 0.32 வோல்ட்டுக்குள்தான். சிப்புக்குள் இருக்கும் சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட் வாக்கில்தான் திறக்கும். அதற்குள் இது கரண்ட்டை வாங்கிக்கொள்கிறது. எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகண்ட்ரோலரில் 5 வோல்ட் தாங்காத பின்னுக்கு உச்ச வரம்பு 4 வோல்ட், பின்னுக்குள் திணிக்கப்படும் கரண்ட் 5 மில்லி ஆம்பியர். கிரவுண்டுக்குக் கீழே இழுத்துப் புகும் கரண்ட் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அளவையும் கெடுக்கும். இந்த டயோடு இருந்தால் இரண்டு பக்கமும் காவல்.

ஆனால் தனியாக வைத்தால் பயனில்லை. 100 மில்லி ஆம்பியர் ஓடினால் இதன் மேலேயே 0.8 வோல்ட் வரை விழும். அப்போது சிப்பும் பங்கு வாங்கும். முன்னால் 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் போட்டால், 24 வோல்ட் வந்தாலும் ஓடுவது சுமார் 2 மில்லி ஆம்பியர்தான். என் கணக்கில் பாதிக் காவல் அந்த ரெசிஸ்டர்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டயோடு பிடித்த கரண்ட் எங்கே போகிறது? 3.3 வோல்ட் லைனுக்கு. ஏஎம்எஸ்1117 போன்ற ரெகுலேட்டர் கரண்ட் கொடுக்கும், திரும்ப வாங்காது. சிப் ஸ்லீப்பில் இருக்கும்போது எட்டு இன்புட்டிலும் 24 வோல்ட் வந்தால் 16 மில்லி ஆம்பியர் போக வழியில்லாமல் லைனையே மேலே தூக்கிவிடும். நான் ரெசிஸ்டரை 47 கே ஆக்கிவிடுகிறேன். எட்டும் சேர்ந்து 3.5 மில்லி ஆம்பியர்தான். 3.3 வோல்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 680 ஓம் போட்டால் அதை முழுசாகக் குடித்துவிடும். ஃப்ளோட் சுவிட்ச் மெதுவான சிக்னல், 47 கே அதைக் கெடுக்காது.

குறை என்றால் லீக்கேஜ், அதாவது டயோடு மூடியிருக்கும்போதும் கசியும் கரண்ட். டேட்டாஷீட்டில் 25 வோல்ட்டில் 2 மைக்ரோ ஆம்பியர் வரை போட்டிருக்கிறார்கள். 3.3 வோல்ட்டில் அவ்வளவு வராது, ஆனால் வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டே போகும். 47 கே வழியாக அரை மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 23 மில்லிவோல்ட் பிழை. சுவிட்சுக்கு அது பொருட்டில்லை. பிரஷர் சென்சாருக்கு ஒத்துவராது. அங்கே நான் போடுவது பிஏவி199 என்ற இரட்டை டயோடு. கசிவு மிகக் குறைவு. சிலிக்கான் என்பதால் திறக்கும் வோல்டேஜ் கூடுதல். ஆகவே டயோடுக்கும் பின்னுக்கும் நடுவே இன்னொரு 1 கே அவசியம்.

வாங்கும்போது கடைசி எழுத்தைப் பாருங்கள். பேட்54ஏ, பேட்54சி இரண்டும் பார்வைக்கு இதே மாதிரிதான், உள்ளே இணைப்பு வேறு. மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

அப்புறம், 230 வோல்ட் தொட வாய்ப்புள்ள ஒயருக்கு இதை நம்பாதீர்கள். அங்கே சிக்னலை ஒளி வழியாக மட்டும் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர்தான்.